கோத்தகிரி வீட்டை ஸ்மார்ட் ஹோம் ஆக்க முடியுமா என்று கேட்டவருக்கு

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பாவும் அம்மாவும் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் கட்டட வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நீங்கள் சென்னையில். 25,000 ரூபாய்க்குள் அந்த வீட்டை ஸ்மார்ட் ஹோம் ஆக்க முடியுமா, எந்தக் கம்பெனிப் பொருளை வாங்கலாம், அம்மாவுக்கு ஆப் எல்லாம் வராது, அதற்கு என்ன வழி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், காலையில் அவர்கள் போன் எடுக்காவிட்டால் பயமாக இருக்கிறது என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விளக்கு கலர் மாறுவதும் திரை தானாக விலகுவதும் உங்களுக்குத் தேவையில்லை. அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சென்னையில் இருந்தபடி தெரிய வேண்டும், அவர்களுடைய வேலை கொஞ்சம் குறைய வேண்டும், அதற்காக அவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கக் கூடாது.

முடியும். நீலகிரியில் வீட்டு வயரிங், இன்வெர்ட்டர், நெட்வொர்க் வேலைகளைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். மலை வீட்டில் எது நிற்கும், எது ஒரு மழைக்காலத்தோடு போய்விடும் என்பது கை வேலையில் தெரிந்த விஷயம், அதை உறுதியாகச் சொல்வேன். எந்த ஆப் எத்தனை வருடம் ஓடும், எந்தக் கம்பெனி சர்வரை எப்போது நிறுத்தும் என்பதெல்லாம் யாராலும் உறுதி சொல்ல முடியாதவை. அந்த இடம் வரும்போது அது என் கணிப்பு என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இணையத்தில் இருக்கும் ஸ்மார்ட் ஹோம் வழிகாட்டிகள் பாதிக்கு மேல் ஏசி, ஃபேன் பற்றியே பேசுகின்றன. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், அங்கே இந்த இரண்டுக்கும் வேலை இல்லை. சமவெளியில் ஒருவர் செலவழிக்கும் தொகையில் பெரிய பகுதி உங்களுக்கு அப்படியே மிச்சம். அந்தப் பணத்தைக் கரண்ட், எர்த், நெட் என்ற மூன்றில் போடச் சொல்வேன், ஏனென்றால் மலையில் ஸ்மார்ட் பொருள்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான்.

விளக்கில் இருந்து தொடங்குவோம். எல்லாரும் முதலில் வாங்குவது வைஃபை பல்பு. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சுவரில் சுவிட்சை அணைத்ததும் பல்புக்குக் கரண்ட் போய்விடும், அப்புறம் ஆப்பில் எத்தனை தடவை தட்டினாலும் எரியாது. சுவிட்சைத் தொடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தால், வாழ்நாள் முழுக்க இருந்த கை பழக்கத்தை மாற்றச் சொல்கிறோம் என்று அர்த்தம். அதற்குப் பதிலாக, இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் சின்ன மாட்யூல் வாங்குங்கள். சுவிட்ச் எப்போதும்போல வேலை செய்யும், கூடவே ஆப்பில் இருந்தும் இயக்கலாம், நேரம் வைத்தும் இயக்கலாம். நெட் போனாலும், மாட்யூல்களை எல்லாம் ஒன்றாக இணைத்து ஆப்போடு பேச வைக்கும் ஹப் என்ற சின்னப் பெட்டி போனாலும், சுவரில் தட்டினால் விளக்கு எரியும். வீட்டில் எதை மாட்டினாலும் இந்த அளவுகோலை வையுங்கள்: விஷயமே தெரியாத ஒரு விருந்தாளி வந்து பழைய மாதிரியே புழங்க முடிய வேண்டும்.

மாட்யூலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது தானே இயங்குவதற்குக் கரண்ட் வேண்டும், அதற்கு கரண்ட் கொண்டுவரும் பேஸ் ஒயர், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் இரண்டும் வேண்டும். பழைய மலை வீடுகளில், முக்கியமாக மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடும் வயரிங்கில், சுவிட்சுக்கு பேஸ் மட்டும் இறங்கியிருக்கும், நியூட்ரல் மேலேயே விளக்குக்குப் போயிருக்கும். அந்த போர்டில் வேலை செய்கிற ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருந்தால் அந்த போர்டுக்கு நியூட்ரல் வந்திருக்கிறது, கவலை இல்லை. இல்லையென்றால் நியூட்ரல் தேவைப்படாத மாட்யூல்கள் தனியாகக் கிடைக்கின்றன, ஆனால் குறைந்த வாட் எல்இடி பல்போடு அவை மினுங்கும். அங்கே புது ஒயர் ஒன்று இழுப்பதே சரி. எர்த் ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்தி வேலையை முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எர்த் எங்காவது விட்டுப்போனால், எர்த்தோடு சேர்ந்திருக்கும் இரும்பு உறைகளில் எல்லாம் கரண்ட் ஏறும், தொட்டவர் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, சுவிட்ச் போர்டின் பெட்டி இரும்புத் தகடாக இருந்தால் உள்ளே வைக்கும் மாட்யூலுக்கு சிக்னல் சரியாகப் போகாது. மரப்பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி என்றால் பிரச்சினை இல்லை.

அடுத்தது கரண்ட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மரம் விழுந்து லைன் அறுவதும், கரண்ட் போய்ப் போய் வருவதும் உங்களுக்கே தெரியும். இதில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு ஸ்மார்ட் பிளக்கிலும் மாட்யூலிலும் கரண்ட் திரும்பி வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. கவனிக்காமல் விட்டால் நடுராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வரும்போது சில பொருள்கள் தானாக எரிய ஆரம்பிக்கும். விளக்கானால் தூக்கம் கெடும், அவ்வளவுதான். கீசரானால் விடியும்வரை ஓடும். எல்லாவற்றையும் அணைந்த நிலை என்று வையுங்கள். இரண்டு, ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஹப்புக்கும் ஒரு மினி யூபிஎஸ். சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுகிறவை, அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்து, ரவுட்டர் இருக்கும் பிளக் அதில் சேர்ந்திருந்தால் இந்தச் செலவும் வேண்டாம்.

மின்னலைப் பற்றி அலட்சியமாக இருக்காதீர்கள். மலை முகட்டில் இருக்கும் வீடு, கம்பத்தில் இருந்து நீளமாக இழுத்த சர்வீஸ் ஒயர் என்றால், பக்கத்தில் எங்கோ விழும் இடிகூட ரவுட்டரையும் ஹப்பையும் எரித்துவிடும். மெயின் போர்டில் ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவி வைத்தால் பெருமளவு தடுக்கலாம், நேரடியாக விழும் இடிக்கு எதுவும் உத்தரவாதம் இல்லை. அந்தக் கருவி அதிகப்படியான வோல்ட்டேஜை எர்த்துக்குத்தான் தள்ளுகிறது. எர்த் சரியில்லை என்றால் அது வெறும் அலங்காரம். மேல்மண் கொஞ்சமாக இருந்து கீழே பாறை வரும் இடங்களில் எர்த் நன்றாக இறங்காது, ஜனவரிக்கு அப்புறம் மண் காயும்போது இன்னும் மோசமாகும். எனவே எலக்ட்ரீஷியன் வரும்போது முதல் வேலையாக எர்த்தை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைத்து ஷாக்கில் இருந்து உயிரைக் காப்பது அது. இந்த வேலைகளுக்கு 4,000, 5,000 ரூபாய் ஆகலாம். ஸ்மார்ட் ஹோம் கேட்டவரிடம் எர்த் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். பணம் போதாமல் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம்.

நெட் விஷயம். விலை குறைந்த ஸ்மார்ட் பொருள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் வேலை செய்யும். ரவுட்டர் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கொடுத்தால் புதிய பொருளைச் சேர்க்கும்போது தகராறு செய்யும், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். ஒன்றரை அடி கல் சுவர் இரண்டைத் தாண்டினால் சிக்னல் பாதியாகக்கூட மிஞ்சாது. பின்கட்டுக்குத் தகரச் சுவரோ தகரத் தடுப்போ இருந்தால் அதைத் தாண்டிப் போகவே போகாது. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் இருப்பதுபோல வீடுகள் வரிசையாக ஒட்டி இருந்தால் இன்னொரு சிக்கல், அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே சேனலில் நெரியும். 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எதையும் வாங்குவதற்கு முன், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். அது திக்கும் இடத்தில் வைஃபை கேமராவும் திக்கும்.

இந்தக் காரணத்தால் உங்கள் வீட்டுக்கு வைஃபை பொருள்களைவிட ஜிக்பீ பொருள்கள் பொருத்தம் என்பது என் முடிவு. ஜிக்பீ என்பது வைஃபை மாதிரி ஒயர் இல்லாமல் பேசும் இன்னொரு முறை, அதற்கு ஒரு ஹப் வேண்டும், சுமார் 2,500 ரூபாய். ஆனால் கரண்டில் ஓடும் ஒவ்வொரு ஜிக்பீ மாட்யூலும் அடுத்ததற்கு சிக்னலைக் கடத்திவிடும், அறைக்கு அறை தாவிப் போகும். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் அப்படிக் கடத்தாது. அதனால் முன்னறை, நடுவீடு, சமையலறை என்று வரிசையாக நியூட்ரல் உள்ள மாட்யூல்களைப் பொருத்தினால், விளக்கும் ஸ்மார்ட் ஆகும், கடைசி அறையில் இருக்கும் சென்சாருக்கும் வழி கிடைக்கும். ஹப்பை வைஃபையில் இணைக்காமல், முடிந்தால் ரவுட்டரில் கேபிள் போட்டு இணையுங்கள். நெட் இல்லாதபோதும் வீட்டுக்குள் பொத்தானும் விளக்கும் பேசிக்கொள்ளும் ஹப்பா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஹப்பும் அப்படி இல்லை.

கீசரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலை வீட்டில் தினமும் பயன்படும் ஸ்மார்ட் வேலை அதுதான். 15 லிட்டர் கீசரில் 12 டிகிரித் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர முக்கால் யூனிட் போதும். 2,000 வாட் கீசருக்கு அது 25 நிமிட வேலை. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் ஆறுவதை மறுபடி சூடாக்கும் செலவு. தினம் 1 மணி நேரம் முழுதாக ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட், அவ்வளவும் கீசரிலேயே போய்விடும். இதற்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வாங்க வேண்டும், 6 அல்லது 10 ஆம்பியர் பிளக்கை மாட்டவே கூடாது. 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர், 3,000 வாட் என்றால் 13. சுவர் சாக்கெட் தளர்ந்தோ கருத்தோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது பிளக்தான் உருகும்.

காலை 6 மணிக்குத் தானாக ஓடும்படி நேரம் வைப்பதைவிட, போட்டதும் 40 நிமிடத்தில் தானாக அணையும்படி வைப்பதே நல்லது. பெரும்பாலான வைஃபை பிளக்குகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் நெட்டில் இருந்துதான் நேரம் தெரிந்துகொள்ளும். கரண்ட் வந்து நெட் வராத காலையில் 6 மணி என்பதே அதற்குத் தெரியாது. எண்ணி அணைப்பதற்குக் கடிகாரம் தேவையில்லை. அம்மா எப்போதும்போல பொத்தானை அழுத்திப் போடுவார், மறந்தாலும் அது அணைந்துவிடும். மின் அளவு காட்டும் பிளக்காக வாங்கினால் வோல்ட்டேஜும் தெரியும். லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மாலையில் 170 வோல்ட்தான் வருகிறது என்றால், லைன்மேனிடம் காட்டிப் பேச அந்தப் பதிவு உதவும்.

அதே சூட்டில், எதை ஸ்மார்ட் ஆக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரூம் ஹீட்டரைத் தூரத்தில் இருந்து போடும் வசதி வேண்டவே வேண்டாம். அதன் மேல் ஈரத் துணி காய்கிறதா, கம்பளி விழுந்திருக்கிறதா என்று சென்னையில் இருந்து உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் மோட்டாரை 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப்போல 5, 6 மடங்கு இழுக்கும், பிளக்கில் எழுதியிருக்கும் அளவு கீசர் போன்ற பொருளுக்கானது. ஸ்மார்ட் பூட்டும் வேண்டாம், மழைக்காலத்தில் மரக்கதவு ஊறிப் பருத்து நிலையில் இறுக்கும்போது மோட்டாரால் தாழ்ப்பாளைத் தள்ள முடியாது.

ஸ்மார்ட் இல்லாத ஒன்றைக் கட்டாயம் வாங்கச் சொல்வேன், அது கார்பன் மோனாக்சைடு அலாரம். குளிருக்குக் கரி மூட்டி அறையைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசரும் அதே ஆபத்துதான். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கடைகளில் கேஸ் லீக் டிடெக்டர் என்று விற்பது சிலிண்டர் கேஸுக்கானது, அது இதைக் கண்டுபிடிக்காது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், அதற்கான கருவியைத் தரைக்கு அருகில் வைப்பார்கள். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து நிற்பது, அந்த அலாரம் படுக்கும் அறையில் மூச்சு விடும் உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டிலேயே உரக்கக் கத்தும் சாதாரண அலாரமாக வாங்குங்கள், நெட்டை நம்பும் வகை வேண்டாம். அதற்கு ஆயுள் உண்டு, பின்னால் அச்சிட்டிருக்கும் தேதி தாண்டினால் மாற்றிவிட வேண்டும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். இதற்குப் பலரும் செய்வது வீட்டுக்குள் கேமரா வைப்பது. தயவுசெய்து வேண்டாம். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொள்வதையும் அம்மா அழுவதையும் பிள்ளைகள் போனில் பார்க்கும் நிலை அவர்கள் கேட்டது கிடையாது. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுந்து நடமாடுகிறார்களா என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கதவு சென்சார் போதும். காந்தம் ஒரு துண்டு, சென்சார் ஒரு துண்டு, கதவு திறந்தால் செய்தி வரும். ஒன்று சுமார் 1,000 ரூபாய். டீத்தூள் டப்பா இருக்கும் அலமாரிக் கதவில் ஒன்று, பின்கட்டுக் கதவில் ஒன்று, கழிவறைக் கதவில் ஒன்று. அலமாரி திறந்தது என்று காலை 6 மணிக்குச் செய்தி வந்தால் அம்மா டீ போடுகிறார் என்று அர்த்தம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, மலையில் இதுதான் முக்கியம். 8 மணிவரை கதவு திறக்காவிட்டால் எனக்குச் சொல் என்று அமைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அன்று நெட் இல்லையென்றால் அந்த எச்சரிக்கையும் வராது, நீங்கள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவீர்கள். தலைகீழாக வையுங்கள். கதவு திறந்தால் செய்தி வர வேண்டும், வராத நாளில் நீங்கள் போன் செய்ய வேண்டும். ஆப்பைத் திறந்தால் ஹப் இணைப்பில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும், அதைப் பார்த்தால் நெட் பிரச்சினையா, வேறு ஏதாவதா என்று ஓரளவு ஊகிக்கலாம். போனும் எடுக்கவில்லை என்றால் நேரில் போய்க் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனோ அக்காவோ, முன்கூட்டியே பேசி வைத்து, அவர்களிடம் ஒரு சாவியும் இருக்கட்டும். எந்தக் கருவியும் அந்த ஆளின் இடத்துக்கு வராது.

கட்டில் பக்கத்தில் ஒரு ஜிக்பீ பொத்தான், கழிவறைக்குள், தரையில் விழுந்தாலும் கை எட்டும்படி தாழ்வாக இன்னொன்று. அழுத்தினால் உங்கள் போனுக்குச் செய்தி வரும், நடுவீட்டு விளக்கும் எரியும். ஒரு தடவை அழுத்தினால் விளக்கு, இரண்டு தடவை அழுத்தினால் செய்தி என்றெல்லாம் சிக்கலாக்காதீர்கள். ஒரு பொத்தானுக்கு ஒரே வேலை. இதை மருத்துவ அவசர அலாரமாக நம்ப முடியாது என்பதையும் தெளிவாகச் சொல்கிறேன். செய்தி தாமதமாகலாம், வராமலும் போகலாம், நினைவு தப்பி விழுந்தவர் பொத்தானை அழுத்த முடியாது. அவசரத்துக்கு 108தான், அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். குளிர் காலத்தில் சென்சார் பேட்டரி விடியற்காலையில் குறைவாகக் காட்டி, வெயில் வந்ததும் ஏறும். அது பேட்டரிக் கோளாறு கிடையாது, குளிரில் அப்படித்தான் காட்டும். ஆனாலும் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

கேமராவை வாசலுக்கு வையுங்கள், அது அவர்களுக்கே பயன்படும். கோத்தகிரியில் விடியற்காலையில் கதவைத் திறக்கும் முன் வாசலில் கரடியோ காட்டுமாடோ நிற்கிறதா என்று பார்ப்பது இப்போது அவசியமான பழக்கம். அப்பாவின் போனில், அல்லது நடுவீட்டில் ஒரு பழைய டேப்லெட்டை மாட்டி, வாசல் படம் எப்போதும் தெரியும்படி வைத்துக்கொடுங்கள். மூடுபனியில் இரவுக் கேமரா வெள்ளைத் திரையாகத் தெரிவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கேமராவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்கின் ஒளி பனித்துளியில் பட்டு லென்சுக்கே திரும்புகிறது. அந்த விளக்கை ஆப்பில் அணைத்துவிட்டு, கேமராவில் இருந்து சில அடி தள்ளி ஒரு சாதாரண வாசல் விளக்கு போட்டால் படம் எவ்வளவோ தெளியும். கூரை நீட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள், ஒயர் நுழையும் துளையை அடைத்துவிடுங்கள், லென்சின் மேல் சிலந்திவலை கட்டினால் இரவு முழுக்கப் பொய் அறிவிப்பு வரும் என்பதால் அவ்வப்போது துடைக்கச் சொல்லுங்கள். மெமரி கார்டில் பதியும் வகை போதும், மாதச் சந்தா வேண்டாம். சோலார் கேமரா வாங்காதீர்கள், வாரக்கணக்கில் மேகம் மூடியிருக்கும்போது அது சார்ஜ் ஏறாமல் படுத்துவிடும்.

குரலில் இயக்கலாமா என்றால், நான் இதை எழுதும் நேரத்தில் இந்தியாவில் அலெக்சா ஸ்பீக்கர் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறது, தமிழ் பேசாது. அம்மாவுக்கு அது உதவாது. விட்டுவிடலாம்.

எந்தக் கம்பெனி என்பதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையில் பொருள் கெடாமலே செத்துப்போவது சாதாரணம். ரிவால்வ் என்ற ஹப்பை, அந்தக் கம்பெனியை கூகுள் குழுமத்தின் நெஸ்ட் வாங்கிய பிறகு, 2016இல் சர்வரை மூடி உபயோகமில்லாமல் ஆக்கினார்கள். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோயின, வீடுகளில் ஆப் வேலை செய்யவில்லை, சுவர் சுவிட்சுகள் மட்டும் ஓடின. அதனால் பெயரைப் பார்க்காமல் மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள்: நெட் இல்லாமல் வீட்டுக்குள் இயங்குமா, ஜிக்பீ அல்லது மேட்டர் போன்ற பொதுவான தரத்தில் இருக்கிறதா, பழுதானால் கோவையிலாவது மாற்றிக்கொடுப்பார்களா. மேட்டர் என்பது 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம், வெவ்வேறு கம்பெனிப் பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்தது. அது வளரும் என்பது என் கணிப்பு, ஆனால் விலை குறைந்த பொருள்களில் இன்னும் குறைவாகவே இருக்கிறது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளைச் சிலர் உங்களுக்குச் சொல்லுவார்கள். அருமையான ஒன்று, எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஓடும். ஆனால் அது இயங்கும் சின்னக் கணினியில் ஏதாவது தவறினால் சரிசெய்ய ஆள் நீங்கள்தான், நீங்களோ சென்னையில் இருக்கிறீர்கள். இந்த வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கணக்கை உங்கள் பெயரில் தொடங்கினாலும், அப்பா போனிலும் பகிர்ந்து வையுங்கள், வீடு அவர்களுடையது. பாஸ்வேர்டை டைரியில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். கேமராவோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பொருத்திக்கொடுத்த ஆளின் போனில் உங்கள் வீட்டுக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நானே பொருத்தினாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

செலவைக் கூட்டிப் பார்ப்போம். எர்த், ஆர்சிசிபி, சர்ஜ் வேலை 4,500. மினி யூபிஎஸ் 2,000. ஹப் 2,500. விளக்குக்கு மூன்று மாட்யூல் 3,000. கதவு சென்சார் மூன்று 3,000. பொத்தான் இரண்டு 2,000. கீசர் பிளக் 1,200. வாசல் கேமராவும் கார்டும் 3,700. கார்பன் மோனாக்சைடு அலாரம் 2,500. மொத்தம் 24,400. விலைகள் முன்னே பின்னே இருக்கும், எலக்ட்ரீஷியன் கூலி வேலையைப் பொறுத்துக் கூடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். முதலில் எர்த், யூபிஎஸ், கீசர் பிளக், அலாரம். அடுத்த முறை போகும்போது ஹப்பும் சென்சாரும். சென்சார் எங்கே வைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற இடத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

வாங்குவதற்கு முன் மெயின் போர்டு, இரண்டு மூன்று சுவிட்ச் போர்டு, ரவுட்டர் இருக்கும் இடம் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். மூடியைக் கழற்ற வேண்டாம், வெளித்தோற்றம் போதும். வீட்டு வாசலும் மின் மீட்டர் எண்ணும் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டு இங்கே போட்டால், நியூட்ரல் எந்த போர்டில் இருக்கும், மாட்யூல் எங்கே பொருந்தும் என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.